நரியைப் பரியாக்க எந்தச் சொல்? ஆங்கிலத்தில் ‘மாறு’வும் ‘மாற்று’வும்

ஆவணி மூலத் திருவிழா நடக்கும் நாட்களில் என் மாலை வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். மற்றவர்கள் எல்லாம் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் போயிருப்பார்கள். வந்தவர்களிடம் திருவிழாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொல்வது வழக்கம். மேலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண், கல்லூரியில் முதல் வருடம், சிவன் நரியைப் பரியாக்கிய, அதாவது நரிகளைக் குதிரைகளாக்கிய லீலையை எழுதியிருந்தாள். திருவாதவூர் அவர்கள் ஊருக்குப் பக்கம், மாணிக்கவாசகர் பிறந்த ஊர், அதனால் அந்தக் கதையை அவள் வீட்டுக் கதை போலவே சொல்வாள்.

அவள் எழுதிய முதல் வரி இது: ‘காட் சேஞ்ச்ட் த ஜாக்கல்ஸ் ஆஸ் ஹார்ஸஸ்.’

எழுவாய் சரி, காலம் சரி, பன்மையும் சரி. ஒரு சின்னச் சொல்தான் இடறுகிறது. ‘ஆஸ்’. அந்த இடத்தில் ‘இன்டு’ வர வேண்டும். நான் திருத்தியதும் அவள் கேட்டாள்: “குதிரைகளாக மாற்றினார்னுதானே மிஸ் சொல்றோம். ‘ஆக’ன்னா ‘ஆஸ்’ தானே?”

நல்ல கேள்வி. பத்து வருடமாகப் பல பேர் இதே தவறைச் செய்கிறார்கள், ஆனால் காரணத்தோடு கேட்டவள் அவள்தான். இந்தக் கட்டுரையை அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் மாற்றத்தைச் சொல்ல ஒரு கூடை நிறைய வினைச்சொற்கள் இருக்கின்றன. சொல் தெரியாமல் நாம் தடுமாறுவது குறைவு. தெரிந்த சொல்லைத் தமிழ் வாக்கியத்தின் அச்சில் ஊற்றுவதால்தான் தடுமாறுகிறோம்.

இரண்டு ‘ஆக’

‘அப்பா கண்டக்டராக வேலை பார்க்கிறார்.’ இதில் உள்ள ‘ஆக’, இருக்கும் நிலையைச் சொல்கிறது. அப்பா எதுவாகவும் மாறவில்லை, அந்த வேலையில் இருக்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஆஸ்’ சரி.

‘தண்ணீர் ஐஸாக மாறியது.’ இதில் உள்ள ‘ஆக’, போய்ச் சேரும் நிலையைச் சொல்கிறது. ஒரு வடிவத்தை விட்டு இன்னொரு வடிவத்துக்குள் போயாகிவிட்டது. இதற்கு ‘இன்டு’. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே விளங்கும்: ‘இன்’ என்றால் உள்ளே, ‘டு’ என்றால் ஓர் இடத்தை நோக்கி. ஒரு வீட்டை விட்டுக் கிளம்பி இன்னொரு வீட்டுக்குள் நுழைவது போல, பொருள் பழைய உருவத்திலிருந்து கிளம்பிப் புதிய உருவத்துக்குள் நுழைகிறது. நம்முடைய ‘ஆக’வோ ‘ஆகு’ என்ற வினையிலிருந்தே பிறந்தது. நமக்கு மாற்றம் என்பது ஆவது. அவர்களுக்கு அது நுழைவது. இந்த வேறுபாட்டைக் காதில் வாங்கிக்கொண்டால் ‘சேஞ்ச் ஆஸ்’, ‘டர்ன் ஆஸ்’, ‘கன்வெர்ட் ஆஸ்’ மூன்றும் ஒரே நாளில் உதிர்ந்துவிடும்.

எனவே: ‘காட் டர்ன்ட் த ஜாக்கல்ஸ் இன்டு ஹார்ஸஸ்.’ ‘சேஞ்ச்ட்’ என்பதை ‘டர்ன்ட்’ ஆக்கியதும் நான்தான். ‘சேஞ்ச்ட்’ தவறில்லை. ஆனால் ஒன்று முழுக்க இன்னொன்றாகிற இடத்தில், அதுவும் கதை சொல்லும்போது, ஆங்கிலக் காதுக்கு ‘டர்ன் இன்டு’தான் இயல்பாக விழும்.

இதில் ஒரு கிளை இருக்கிறது, மதுரைக்காரர்களுக்கு அது எளிது. ஊரைச் சுற்றி நிற்கும் யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றுக்கும் ஒரே மாதிரிக் கதைதான். மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும் மலையாகிப் போயின. ஆங்கிலத்தில் ‘த எலிஃபன்ட் டர்ன்ட் இன்டு எ ஹில்’ என்று சொல்லலாம். ‘த எலிஃபன்ட் டர்ன்ட் டு ஸ்டோன்’ என்றும் சொல்லலாம். மலை என்பது ஒரு தனிப் பொருள், எண்ணலாம், அதற்கு ‘இன்டு எ’. கல் என்பது இங்கே பொருளின் தன்மை, எண்ண முடியாது, அதற்கு வெறும் ‘டு’ போதும். ‘டர்ன் டு ஐஸ்’, ‘டர்ன் டு டஸ்ட்’ எல்லாம் இந்த வகை. இங்கும் ‘இன்டு’ போட்டால் குற்றமில்லை. ‘ஆஸ்’ போட்டால்தான் குற்றம்.

தானாக மாறியதா, யாராவது மாற்றினார்களா?

தமிழில் நாம் இதைப் பிறந்ததிலிருந்தே பிரித்துச் சொல்கிறோம். மாறு, மாற்று. ஆகு, ஆக்கு. உருகு, உருக்கு. சுருங்கு, சுருக்கு. திருந்து, திருத்து. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. ஓர் எழுத்து அழுத்தம் கூடினால் போதும், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். ‘கரை’ போன்ற சொற்களில் அடிச்சொல் ஒன்றாகவே இருந்தாலும் காலம் காட்டும்போது பிரிந்துவிடுகிறது: சீனி கரைந்தது, நான் சீனியைக் கரைத்தேன்.

ஆங்கிலத்தில் மாற்றம் சொல்லும் பெரும்பாலான வினைகளில் இந்தப் பிரிவே கிடையாது. ‘மெல்ட்’ என்றால் உருகுவதும் அதுதான், உருக்குவதும் அதுதான். ‘த கோல்ட் மெல்ட்டட்’, தங்கம் உருகியது. ‘ஹி மெல்ட்டட் த கோல்ட்’, அவர் தங்கத்தை உருக்கினார். வினைக்குப் பின்னால் ஒரு பொருள் நிற்கிறதா இல்லையா என்பதுதான் அடையாளம். சேஞ்ச், டர்ன், ஃப்ரீஸ், டிசால்வ், பெண்ட், பிரேக், ஷ்ரிங்க், டிரை எல்லாம் இப்படி இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

இது தெரியாததால் ஒரு தவறு வருகிறது. தானாக நடந்ததைச் சொல்லும்போது நமக்குத் தன்வினை தேவைப்படுகிறது. ‘சேஞ்ச்’ என்பது ‘மாற்று’ என்றே மனதில் பதிந்திருப்பதால், அதைத் தன்வினையாக்க ‘வாஸ்’ சேர்த்துவிடுகிறோம். ‘த வெதர் வாஸ் சேஞ்ச்ட்’ என்று எழுதினால், யாரோ ஒருவர் வானிலையைப் பிடித்து மாற்றிவிட்டார் என்ற பொருள் வரும். ‘த வெதர் சேஞ்ச்ட்’ போதும். ஒன்றும் சேர்க்க வேண்டாம். சேர்க்காமல் விடுவதற்கு முதலில் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கும், பழகிவிடும்.

இரண்டு பக்கமும் போகாத சொற்களும் உண்டு. ‘பிகம்’ தன்வினை மட்டும்தான். ‘ஹீட் பிகேம் த ஐஸ் வாட்டர்’ என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், ‘பிகம்’ தனக்குப் பின்னால் ‘இன்டு’, ‘டு’, ‘ஆஸ்’ எதையும் விடாது. ‘ஐஸ் பிகேம் வாட்டர்’, அவ்வளவுதான். ‘மாடிஃபை’ நேர் எதிர், அது பிறவினை மட்டும். யாராவது செய்தே ஆக வேண்டும்.

எவ்வளவு மாறியது?

புதுமண்டபத்தில் தையல்காரர்கள் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடும் சத்தம் ஓயாமல் கேட்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்த நாளில் அம்மா புதுமண்டபத்தில் ஒரு ரவிக்கையைக் கொடுத்து, “அண்ணே, இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிச்சுக் குடுங்க” என்பார். அவர் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, “ஆல்ட்ரேஷன்தானே தாயி, சாயங்காலம் வாங்க” என்பார்.

‘ஆல்டர்’ என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்தத் தையல்காரர் வாயில் இருந்தது. ரவிக்கை ரவிக்கையாகவே இருக்கிறது, ஓர் இடம் மட்டும் மாறுகிறது. அதே அம்மா பழைய பட்டுச் சேலை ஒன்றை எடுத்துப் போய் எனக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தபோது அது ‘ஆல்ட்ரேஷன்’ ஆகாது. சேலை போய்விட்டது, பாவாடை வந்துவிட்டது. அதற்கு ‘மேட் இன்டு’ அல்லது ‘டர்ன்ட் இன்டு’.

மாற்றத்தின் அளவு என்பதை இப்படிக் கையில் பிடித்துப் பார்க்கலாம். ‘மாடிஃபை’ ஏறக்குறைய ‘ஆல்டர்’ அளவுதான், ஆனால் அது பெரும்பாலும் இயந்திரம், திட்டம், விதிமுறை பக்கம் புழங்குகிற சொல். பைக் சைலன்சரை மாற்றி ஓட்டும் பையன்கள் சொல்லும் ‘மாடிஃபை’ சரியான பயன்பாடே. சட்டத்துக்கு மட்டும் தனிச் சொல், ‘அமெண்ட்’. இந்திய அரசியலமைப்பை முதன்முறை 1951இல் திருத்தினார்கள், அது ‘ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட்’. அங்கே ‘ஆல்ட்ரேஷன்’ என்று போடுவதில்லை.

‘அட்ஜஸ்ட்’ எல்லாவற்றிலும் சிறிய மாற்றம். நம் ஊர் பஸ்ஸில் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி இங்கிட்டு உட்காருங்க” என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டுக்காரரிடம் ‘ப்ளீஸ் அட்ஜஸ்ட்’ என்றால் எதைத் திருகச் சொல்கிறீர்கள் என்று தேடுவார். அவர்களுக்கு ‘அட்ஜஸ்ட்’ என்பது பெல்ட், கண்ணாடி, ரேடியோ சத்தம் போன்றவற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. நகர்ந்து உட்காரச் சொல்ல ‘மூவ் ஓவர்’ என்பார்கள். புது ஊருக்கோ புது வேலைக்கோ பொருந்தும்படி மாறுவதற்கு ‘அடாப்ட்’ இருக்கிறது.

‘சேஞ்ச்’ பொதுச் சொல், சின்னதற்கும் பெரியதற்கும் வரும். அதன் பழைய வேர் லத்தீனில் பண்டமாற்று செய்வதைக் குறித்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. அதனால்தான் சில்லறைக்கும் ‘சேஞ்ச்’, உடை மாற்றுவதற்கும் ‘சேஞ்ச்’. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் ஏறுவதைச் சொல்ல ‘சேஞ்ச் பஸ்ஸஸ்’ என்று பன்மையில் வருவதும் இந்த நினைப்பால்தான். ஒரு பஸ்ஸைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம், ஆக மொத்தம் இரண்டு பஸ்.

‘கன்வெர்ட்’ தனி ரகம். அதில் மாற்றம் ஓர் ஒழுங்கோடு நடக்கும். ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு, ஒரு பயனிலிருந்து இன்னொரு பயனுக்கு. ஐந்து சவரனைக் கிராமாக ‘கன்வெர்ட்’ செய்தால் 40 கிராம், தங்கம் துளியும் கூடவில்லை குறையவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. ரூபாயை டாலராக, அடியை மீட்டராக, வேர்ட் கோப்பைப் பிடிஎஃப்பாக, எல்லாம் இந்தச் சொல்தான். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம் 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆனது: ‘த பேலஸ் வாஸ் கன்வெர்ட்டட் இன்டு எ மியூசியம்.’ சுவர் அதே சுவர், பயன் வேறு. மதம் மாறுவதற்கும் இதே சொல், ஆனால் அங்கே ‘இன்டு’ வராது, ‘டு’ மட்டும். திருஞானசம்பந்தர் வந்தபின் கூன்பாண்டியன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியதை ‘ஹி கன்வெர்ட்டட் டு சைவிசம்’ என்று எழுத வேண்டும்.

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து ஒரு சின்ன விளக்கம். அது 11,000 வோல்ட்டில் வருகிற மின்சாரத்தை நம் வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. பெயரில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ இருக்கிறதே, பெரிய மாற்றம்தானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது பொறியாளர்கள் வைத்த கலைச்சொல். அன்றாட ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ மிகக் கனமான சொல். ‘ட்ரான்ஸ்’ என்றால் கடந்து, ‘ஃபார்ம்’ என்றால் உரு. நம்முடைய ‘உருமாற்றம்’ அச்சு அசலாக அதே கட்டுமானம்.

அந்தக் கனத்துக்கு என்னிடம் இருக்கும் சிறந்த உதாரணம் மேலமாசி வீதியில் இருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்து அங்கே ஒரு வீட்டில் தங்கினார். 22ஆம் தேதி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டுவிட்டு அரையாடையோடு வெளியே வந்தார். துணி வாங்க வழியில்லாத ஏழைகளின் நிலையைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டார். அப்போது அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். அந்த அளவில் அது ‘ஹி சேஞ்ச்ட் ஹிஸ் டிரெஸ்’. ஆனால் அந்த அக்டோபர் கடந்தது, வருடங்களும் கடந்தன, 1948இல் கடைசி மூச்சு வரை அதே உடைதான். உலகம் அவரை நினைக்கும் உருவமே அதுவாகிப் போனது. இதைச் சொல்லும்போது ‘சேஞ்ச்’ போதாது. ‘இட் டிரான்ஸ்ஃபார்ம்ட் ஹிம் இன் த ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்.’ விளம்பரங்கள் சோப்புக்கும் ஷாம்புக்கும் இந்தச் சொல்லை வாரி இறைக்கின்றன. நீங்கள் அப்படிச் செலவழிக்காதீர்கள். தலைகீழ் மாற்றத்துக்காக எடுத்து வையுங்கள்.

பரோட்டா மாஸ்டர் கையில் ஏழு வினைகள்

‘இன்டு’வைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ராத்திரி எட்டு மணிக்கு எந்தத் தெருவிலாவது பரோட்டாக் கடை முன்னால் நின்று மாஸ்டரின் கையைப் பாருங்கள். மைதாவைப் பிசைகிறார், அது ‘நீட்’. பிசைந்த மாவை உருண்டை பிடிக்கிறார், ‘ரோல்’. உருண்டையைத் தட்டையாக்குகிறார், ‘ஃப்ளாட்டன்’. எண்ணெய் தடவிய பலகையில் விசிறி விசிறி அடிக்க, மாவு கண்ணாடி மாதிரி விரிந்து, அடியில் உள்ள பலகை தெரிகிறது. அது ‘ஸ்ட்ரெச்’. விரித்ததை மடித்து நீட்டிச் சுற்றுகிறார், ‘ஃபோல்ட்’, அப்புறம் ‘காயில்’. கல்லில் போட்டு எடுத்து இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிறார். கொத்துப் பரோட்டா கேட்டால் இரண்டு கரண்டியால் தாளம் போட்டுக் கொத்துகிறார், ‘சாப்’.

கல்லில் விழும்வரை மாவு மாவாகவேதான் இருக்கிறது. வடிவம்தான் பல முறை மாறியது. ஆங்கிலத்தில் வடிவத்தை மாற்றும் வினைகள் பலவும் இப்படிக் கையின் அசைவைச் சொல்பவை. முடிவில் என்ன கிடைத்தது என்பதை அவை சொல்வதில்லை, அதைச் சொல்லும் வேலை ‘இன்டு’வுடையது. ‘ஹி ரோல்ட் த டோ இன்டு பால்ஸ்.’ ‘ஹி சாப்ட் த பரோட்டா இன்டு பீசஸ்.’ வினை எப்படி என்று சொல்கிறது, ‘இன்டு’ என்னவாக என்று சொல்கிறது. இந்தப் பூட்டும் சாவியும் புரிந்துவிட்டால் ‘மாற்று’ என்ற பொருளே இல்லாத வினைகளைக்கூட மாற்றத்துக்குப் பயன்படுத்தலாம். அரிசியை மாவாக அரைத்தாள்: ‘ஷி கிரௌண்ட் த ரைஸ் இன்டு ஃப்ளார்.’ மல்லிகையைச் சரமாகத் தொடுத்தாள்: ‘ஷி ஸ்ட்ரங் த ஜாஸ்மின் இன்டு எ கார்லண்ட்.’ மானாமதுரையில் களிமண்ணைக் கடமாக வனைகிறார்கள்: ‘தே ஷேப் த கிளே இன்டு எ கடம்.’ எங்கும் நம் ‘ஆக’ இருக்கும் இடத்தில் ‘இன்டு’.

‘சேஞ்ச்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை விட இப்படிக் கையின் வேலையைச் சொல்கிற வினையை எடுப்பது எப்போதும் நல்லது. ‘ஷி சேஞ்ச்ட் த ரைஸ் இன்டு ஃப்ளார்’ என்றால் மந்திரம் போட்டது போல இருக்கும். அரைத்தது தெரிய வேண்டாமா?

உருகுவதும் கரைவதும்

வெயிலில் வைத்த ஐஸ்கட்டியைப் பார்த்து நாம் “ஐஸ் கரைஞ்சு போச்சு” என்போம். தமிழில் அது இயல்பு. ஆங்கிலத்தில் அதற்கு ‘டிசால்வ்’ போட்டால் தவறாகிவிடும். ‘மெல்ட்’ ஆவதற்குச் சூடு போதும், வேறு துணை வேண்டாம்: ஐஸ், வெண்ணெய், மெழுகுவத்தி, தங்கம். ‘டிசால்வ்’ ஆவதற்குக் கரைத்து வைத்துக்கொள்ள ஒரு திரவம் வேண்டும்: தண்ணீரில் உப்பு, காபியில் சீனி. டம்ளரில் போட்ட ஐஸ் ‘மெல்ட்’ ஆகிறது, அதே டம்ளரில் போட்ட சீனி ‘டிசால்வ்’ ஆகிறது.

பாலுக்கு ஆங்கிலத்தில் வினைகள் அதிகம். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுவது ‘ரெட்யூஸ்’, அதனால் பால் கெட்டியாவது ‘திக்கன்’. உறை ஊற்றி வைத்த பால் தயிராக உறைவது ‘செட்’. ஃப்ரீசரில் தண்ணீர் உறைவது ‘ஃப்ரீஸ்’. தமிழில் இரண்டுக்கும் உறைதல்தான். பால் திரிந்துபோவது ‘கர்டில்’. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் ராத்திரி ஊறிப் பெருப்பது ‘ஸ்வெல்’. இட்லி மாவு புளிப்பது ‘ஃபெர்மெண்ட்’.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் பாட்டியின் பழைய சங்கிலியைக் கொண்டுபோனோம். மூசையில் போட்டு ஊதினார். முதலில் சங்கிலி சிவந்தது, அப்புறம் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டின. திடீரென்று சங்கிலியே இல்லை, ஒரு சொட்டு வெளிச்சம் மட்டும் மூசைக்குள் உருண்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டி கழுத்தில் ஐம்பது வருடம் கிடந்த சங்கிலி. வடிவம் தெரியாமல் உருக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘மெல்ட் டவுன்’ என்பார்கள், வெறும் ‘மெல்ட்’ இல்லை. அந்த ‘டவுன்’ சேரும்போது பழைய பொருள் திரும்ப வராது என்ற பொருளும் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தங்கம் அப்புறம் என் வளையல் ஆனது. ‘த செயின் வாஸ் மெல்ட்டட் டவுன் அண்ட் மேட் இன்டு பேங்கிள்ஸ்.’

வளையலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ‘மேட் ஆஃப் கோல்ட்’, ஆனால் தயிர் ‘மேட் ஃப்ரம் மில்க்’. வளையலைப் பார்த்தால் தங்கம் தெரிகிறது, அதனால் ‘ஆஃப்’. தயிரைப் பார்த்தால் பால் தெரியவில்லை, அது முழுக்க வேறாகிவிட்டது, அதனால் ‘ஃப்ரம்’. மூலப்பொருள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒட்டு போட்டுப் பிறக்கும் வினைகள்

அகலமான சாலை ‘வைட்’. அகலப்படுத்துவது ‘வைடன்’. தமிழில் ‘படுத்து’ சேர்ப்பது போல அவர்கள் வாலில் ‘என்’ சேர்க்கிறார்கள். சாஃப்டன், ஹார்டன், ஷார்ட்டன், ஷார்ப்பன், டார்க்கன். கூன்பாண்டியனின் கூன் நிமிர்ந்து, நின்றசீர் நெடுமாறன் என்று பெயர் பெற்றான் அல்லவா, அந்த நிமிர்தல் ‘ஸ்ட்ரெய்ட்டன்’: ‘ஹிஸ் பேக் ஸ்ட்ரெய்ட்டன்ட்.’ யாரும் பிடித்து நிமிர்த்தவில்லை, ‘வாஸ்’ வேண்டாம்.

எல்லாச் சொல்லிலும் இந்த வால் ஒட்டாது. ட், க், ப், ஃப், ஸ் போன்ற தடித்த ஒலியில் முடியும் சிறிய சொற்களில்தான் ஒட்டும். உயிரொலியிலோ ‘ன்’, ‘ம்’, ‘ல்’ ஒலியிலோ முடிந்தால் ஒட்டாது. கூல், வார்ம், கிளீன், டிரை, தின் என்பவை அப்படியே வினையாகிவிடும். நிறங்களில் இது அழகாகத் தெரியும்: ரெட்டன், பிளாக்கன், ஒயிட்டன் உண்டு. ‘கிரீனன்’ கிடையாது, ‘புளூவன்’ கிடையாது. லாங், ஸ்ட்ராங் இரண்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவை லெங்தன், ஸ்ட்ரெங்தன் என்று பெயர்ச்சொல் வழியாகச் சுற்றி வரும். நீளமான லத்தீன் சொற்களுக்கு ‘ஐஃபை’, ‘ஐஸ்’ வால்கள்: எளிமைப்படுத்த ‘சிம்ப்ளிஃபை’, நவீனமாக்க ‘மாடர்னைஸ்’.

ஆனாள், ஆயிற்று, போயிற்று

‘அவள் டாக்டர் ஆனாள்’ என்பதை ‘ஷி டர்ன்ட் இன்டு எ டாக்டர்’ என்று எழுதினால், நேற்று ராத்திரி படுத்தவள் காலையில் டாக்டராக எழுந்தாள் என்பது போல இருக்கும். படித்து, உழைத்து அடைகிற நிலைக்கு ‘பிகேம்’. நரி குதிரை ஆவதற்கு ‘டர்ன்ட் இன்டு’.

நிறத்துக்கும் வயதுக்கும் ‘டர்ன்’ நேராக வரும்: ‘த லீவ்ஸ் டர்ன்ட் யெல்லோ’, ‘ஷி டர்ன்ட் எய்ட்டீன்’. நடுவில் எதுவும் வேண்டாம். கெட்டுப்போவதற்கு நாம் ‘போ’ சேர்க்கிறோம் இல்லையா, கெட்டுப்போச்சு, ஊசிப்போச்சு, புளிச்சுப்போச்சு. ஆங்கிலமும் அங்கே ‘கோ’ சேர்க்கிறது. ‘த மில்க் வென்ட் பேட்.’ தலை வழுக்கையாவது ‘கோ பால்ட்’, பார்வை போவது ‘கோ பிளைண்ட்’. நன்மை பக்கம் இந்த ‘கோ’ வருவது அரிது. உடம்பு தேறினால் ‘கெட் பெட்டர்’. எங்கோ தொலைவில் பிறந்த இரண்டு மொழிகளும் கெடுவதைப் போவதாக நினைத்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சந்தோஷம்.

திரும்பப் பழையபடி

மாறியது மறுபடி பழைய நிலைக்கு வந்தால் ‘பேக்’ என்ற ஒரு சொல்லைச் செருகினால் போதும். ‘டர்ன் பேக் இன்டு’, ‘சேஞ்ச் பேக்’. கட்டடம், ஓவியம் போன்றவற்றுக்கு ‘ரெஸ்டோர்’. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலில் பெரும்பகுதி பின்னாளில் இடிந்து சிதைந்து போனது. மிச்சம் இருந்ததைச் செப்பனிட வைத்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. ‘நேப்பியர் ஹாட் த பேலஸ் ரெஸ்டோர்ட்.’

மேலூர்ப் பெண் அடுத்த வாரம் தன் ஐந்து வரியைத் திருப்பி எழுதிக் கொண்டுவந்தாள். ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மந்திரியான மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்தார், ராஜா கோபப்பட்டார், சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவந்தார். நான்காவது வரியில் ‘டர்ன்ட் த ஜாக்கல்ஸ் இன்டு ஹார்ஸஸ்’ சரியாக விழுந்திருந்தது. ஐந்தாவது வரிக்குக் கொஞ்சம் தயங்கி, ‘வாஸ்’ எழுதி அடித்திருந்தாள், அடித்தது தெரிந்தது. அதன் மேலே எழுதியிருந்தாள்: ‘அட் நைட் தே டர்ன்ட் பேக் இன்டு ஜாக்கல்ஸ்.’